டயல் வைத்த நீள முழங்கால் பிரேஸ்: என்ன செய்யும், எங்கே கைவிடும்

தொடையில் தொடங்கிக் கணுக்காலுக்குச் சற்று மேலே முடிகிற நீளமான பிரேஸ் இது. முட்டியை ஒட்டிய கால் எலும்பு உடைந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து, கூடவே ஜவ்வும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் இதைத்தான் எழுதித் தருவார்கள். இழுத்து மாட்டும் துணி உறை இதற்கு ஈடாகாது.

இதன் பலம் பக்கவாட்டுக் காவல். எலும்பைப் பொருத்தியதும், மயக்கத்தில் இருக்கும்போதே மூட்டை அசைத்துப் பார்ப்பார்கள். உள்பக்க ஜவ்வு மட்டும் தளர்ந்திருந்தால் பல சமயம் தையல் தேவைப்படாது. முட்டி பக்கவாட்டில் விரியாமல் சில வாரம் காத்தாலே ஆறிவிடும். இருபக்க உலோகப் பட்டைகள் அதைச் செய்கின்றன. ஒவ்வொரு பட்டையிலும் முட்டியருகே ஒரு கீல், அதில் ஒரு டயல்; மடக்குவதற்கும் நீட்டுவதற்கும் டயலில் தனித்தனி நிறுத்தம் உண்டு. மருத்துவர் 0–60 டிகிரி என்றால் இருபக்க டயலிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். துணியும் சதையும் அமுங்குவதால் டயல் காட்டும் எண்ணுக்கும் முட்டியின் உண்மையான மடிப்புக்கும் சில டிகிரி வித்தியாசம் வரும்.

பெரிய குறை, நழுவுவது. தொடை கீழ்நோக்கிக் குறுகுகிறது; அறுவைக்குப் பின் சதையும் வற்றும். கீல் முட்டிச் சில்லின் நடு உயரத்தில் நிற்க வேண்டும். இரண்டு விரல் இறங்கினாலும் மடக்கும்போது பட்டை காலை இழுக்கும். முட்டிக்குக் கீழே, கெண்டைச்சதை பருக்கும் இடத்துக்கு மேலே உள்ள வாரை முதலில் இறுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் போனால் ஓரளவு நிற்கும். ஆனால் அங்கேதான் எச்சரிக்கையும் வேண்டும்: முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டை ஒட்டி நரம்பு ஓடுகிறது. வாரோ பட்டையோ அதை அழுத்தினால் மேல்பாதம் மரத்துப்போகும், பாதத்தைத் தூக்க வராது. உடனே தளர்த்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். கெண்டைக்கால் கல்லாக இறுகி, விரலை நீட்டினாலே தாங்க முடியாத வலி என்றால் பிரேஸைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கீழ்க்கால் பின்னால் சரியாமல் பிடிக்கும் பின்குறுக்கு ஜவ்வு (PCL) போயிருந்தால் சாதாரண மாடல் போதாது. படுக்கும்போது கீழ்க்கால் தன் எடையிலேயே பின்னால் சரியும். பின்னாலிருந்து முன்னே தள்ளும் ஸ்பிரிங் வகை தனியாக இருக்கிறது. கீழ்க்கால் முன்னே நழுவாமல் பிடிக்கும் முன்குறுக்கு ஜவ்வு (ACL) எலும்புத் துண்டோடு பெயர்ந்திருந்தால் பெரும்பாலும் பிளேட் வைக்கும்போதே பொருத்திவிடுவார்கள். நடுவில் அறுந்திருந்தால் எலும்பு கூடி, மடக்கம் திரும்பிய பிறகே வழக்கமாகப் புதிய ஜவ்வு வைப்பார்கள். அதுவரை பிரேஸ் அந்த ஜவ்வின் வேலையைச் செய்யும் என்று நம்ப வேண்டாம்.

பலரும் தவறாக எண்ணுவது, பூட்டிவிட்டால் ஊன்றலாம் என்று. மூட்டின் தளம் உடைந்திருந்தால் வழக்கமாக 6 முதல் 12 வாரம் எடை வைக்கக்கூடாது. பிரேஸ் எடையைத் தாங்காது. பயந்து எந்நேரமும் பூட்டியே வைத்தால் முட்டி இறுகிவிடும்.

வாங்கும்போது நீளம் மாற்றும் பட்டை உள்ளதாகவும், பூட்டுப் பொத்தான் போர்வை உரசித் தானாக நகராததாகவும் பாருங்கள். உள்ளே மெல்லிய பருத்தி உறை மாட்டிக்கொண்டால் வேர்வைப் புண் குறையும். பஞ்சுத் துணியைக் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெல்க்ரோவில் நூல் அடைந்தால் பிடி போய்விடும்.