தெற்கு இத்தாலியில் 'பூர்வீக வீடு' காட்டுகிறோம் என்பவர்களிடம் உஷார்

இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டவர்கள் நம்மிலும் சிலர் இருக்கிறோம். வீட்டுப் பெரியவர்களை அவர்களுடைய பூர்வீக ஊருக்குக் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால், யாருக்கும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேப்பிள்ஸில் இருக்கும் ஒரு சின்ன ஏஜென்சி, ஊர், வீடு, உறவினர் எல்லாம் காட்டுகிறோம் என்று 1,800 யூரோவை முன்பணமாகவே வாங்கிக்கொண்டு எங்களை வேறொரு ஊருக்குக் கூட்டிப்போய்விட்டது.

என் கணவர் நியூ ஜெர்சிக்காரர். மாமியாரின் தாத்தா 1907இல் நேப்பிள்ஸில் கப்பலேறி, அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைப் பதிவு செய்த நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இறங்கியவர். கப்பல் பட்டியலில் அவர் ஊர் 'கொர்லேத்தோ' என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஏஜென்சிக்கு அனுப்பினோம். "எல்லாம் தேடி எடுத்துவிட்டோம், வாருங்கள்" என்று பதில் வந்தது.

போனோம். சலேர்னோ மாகாணத்தின் அல்புர்னி மலையில் கொர்லேத்தோ மொன்ஃபோர்தே. அழகான ஊர், அதில் சந்தேகமில்லை. பூட்டிக் கிடந்த ஒரு கல்வீட்டின் முன் நிறுத்தி, "இதுதான் உங்கள் தாத்தா பிறந்த வீடு" என்றார் வழிகாட்டி. மாமியார் கதவைத் தொட்டு அழுதுவிட்டார். அப்புறம் அதே குடும்பப் பெயருள்ள ஒரு பெரியவர் வீட்டில் சாப்பாடு. எந்த வழியில் உறவு என்று மாமியார் கேட்டதற்கு அந்தப் பெரியவர் வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தார். பாவம், அவரையும் ஏதோ சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால் கொமூனே, அதாவது ஊர் நிர்வாக அலுவலகம், பூட்டியிருந்தது. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ, நாடு முழுக்க விடுமுறை. அந்தத் தேதியைக் குறித்துக் கொடுத்ததே ஏஜென்சிதான்!

போதாததற்கு, குடும்பச் சின்னம் என்று தங்க நிறச் சிங்கம் போட்ட ஒரு சட்டகத்தை 150 யூரோவுக்கு மாமியார் தலையில் கட்டினார்கள். சின்னம் குறிப்பிட்ட சில வம்சங்களுக்கு உரியது, அதே பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் கிடையாது. ஊர் திரும்பியதும் இன்னொரு தூண்டில்: இன்னும் கொஞ்சம் கட்டினால் என் கணவருக்கு இத்தாலியக் குடியுரிமை வாங்கித் தருவார்களாம். 2025 சட்டத்துக்குப் பிறகு தாய் தந்தை, தாத்தா பாட்டி வரைக்கும்தான் பேச்சு, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. கப்பலேறிய அந்தத் தாத்தாவோ என் கணவருக்குக் கொள்ளுத்தாத்தா.

சந்தேகம் வந்து என் கணவரே தேட ஆரம்பித்தார். பசிலிக்காத்தாவில், பொதென்சா மாகாணத்தில், கொர்லேத்தோ பெர்திகாரா என்று இன்னொரு ஊர் இருக்கிறது. அந்தக் கொமூனேயின் 'ஸ்தாத்தோ சிவீலே', அதாவது பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுப் பிரிவுக்குப் பெயர், பிறந்த வருடம், பெற்றோர் பெயர் போட்டு இத்தாலிய மொழியில் மின்னஞ்சல் அனுப்பினார். சில வாரங்களில் பிறப்புப் பதிவின் நகல் வந்துவிட்டது. பெற்றோர் பெயர்கள் அப்படியே பொருந்தின. அப்பாவின் தொழில் 'கொந்ததீனோ', விவசாயி. சிங்கமெல்லாம் எங்கேயும் இல்லை.

ஆகவே யாராவது ஊர் காட்டுகிறேன் என்றால் முதலில் 'அத்தோ தி நாஷித்தா', அதாவது பிறப்புப் பதிவின் படத்தைக் கேளுங்கள். அதைக் காட்டாமல் வீட்டைக் காட்டுபவரை நம்பவே வேண்டாம். தெற்கு இத்தாலியில் பழைய நேப்பிள்ஸ் அரசின் கீழ் இருந்த பகுதிகளில் 1809 முதலும் சிசிலித் தீவில் 1820 முதலும் இப்படிப்பட்ட சிவில் பதிவுகள் உண்டு. இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'அந்தெனாத்தி' தளத்தில் பல மாகாணங்களின் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். எல்லிஸ் தீவின் கப்பல் பட்டியல்களும் இலவசம்தான். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள், கல்யாணமானாலும் அங்கே பதிவுகளில் அந்தப் பெயர்தான். ஊர்ப் பெயரில் ரொம்பக் கவனம். சான் ஜோர்ஜோ என்றால் லுக்கானோ, மொர்ஜேத்தோ, அல்பனேசே என்று தெற்கில் மட்டும் பல ஊர்கள், கப்பல் பட்டியலில் பாதிப் பெயர்தான் இருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு, பதிவின் நகலையும் இணைத்து எழுதினோம். "வழிகாட்டிச் சேவை முழுமையாக வழங்கப்பட்டது" என்று பதில் வந்தது. கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் முடிவு வரவில்லை. அதற்குள் ஏஜென்சியிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல்: கொர்லேத்தோ பெர்திகாராவுக்குப் போக எங்களுக்கு மட்டும் சிறப்புத் தள்ளுபடியாம்.