குளிரில் ஓட அடுக்கடுக்காக உடுத்துவது: வேலூர் ஓட்டக்காரர் ஒருவரின் பயன்பாட்டு அனுபவம்

வேலூரில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் செப்டம்பரில் லே நகரில் நடக்கும் லடாக் மாரத்தானுக்கோ, பிப்ரவரியில் டெல்லியில் நடக்கும் மாரத்தானுக்கோ செல்ல விரும்பும் இளைஞர்கள், கோட்டை அகழியை ஒட்டிய காலை ஓட்டத்தின்போது என்னிடம் முதலில் கேட்பது உடையைப் பற்றித்தான். சில ஆண்டுகளாக ஒரே உடைத் தொகுதியைப் பயன்படுத்தி வருவதால், அதில் எது உழைத்தது, எது தேய்ந்தது, எது தேவையே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

குளிரில் ஓடுபவரை வாட்டுவது பெரும்பாலும் அவருடைய வியர்வைதான். ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுவதால், முதல் சில கிலோமீட்டர்களிலேயே உடல் சூடேறி வியர்க்கத் தொடங்கிவிடுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே தோலோடு ஒட்டியிருக்கும் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதன்மேல் எத்தனை சட்டைகளை அணிந்தாலும் பயனில்லை. நம் ஊர்க் கோடைக்கு இதமான பருத்தி பனியன் இந்த ஒரு காரணத்தினாலேயே குளிர் ஓட்டத்துக்கு ஆகாது. நான் அணிவது உடலோடு ஒட்டி நிற்கும், முழுக்கை வைத்த, மெல்லிய பாலியெஸ்டர் சட்டை. பாலியெஸ்டர் இழை தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உறிஞ்சுவதில்லை என்பதால், வியர்வை துணியின் மேற்பரப்பில் பரவி விரைவில் உலர்ந்துவிடுகிறது. பணம் குறைவாக இருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியதும், தரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாததும் இந்த உள்சட்டையைத்தான்.

இந்த உடைகளுக்கு நான் கண்ட சிறந்த சோதனைக் களம் ஏலகிரி மலைச்சாலை. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும்போது கால்கள் எரிந்து, மூச்சு வாங்கி, முதுகு முழுவதும் நனைந்துவிடும். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையில் அடிவாரத்தைவிட நான்கைந்து டிகிரி குளிர் கூடுதல். ஆனால் உண்மையான தேர்வு இறக்கத்தில்தான் இருக்கிறது. அப்போது உழைப்பு குறைந்து உடல் தணிகிறது. வேகம் கூடி எதிர்க்காற்று நெஞ்சில் அறைகிறது. நனைந்த துணி அந்த நேரத்தில்தான் சில்லிடுகிறது. மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று இடுப்பில் கட்டியிருந்தால், இறக்கம் தொடங்கும் இடத்தில் அதை மாட்டிக்கொண்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றியும் மார்புவரை இறக்கியும் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளலாம். காற்றைத் தடுக்கும் அதே துணி வியர்வையின் ஆவியையும் ஓரளவு தடுக்கிறது என்பதால், ஏற்றத்தில் அதை அணிந்தபடி ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்சட்டைக்கும் விண்ட்சீட்டருக்கும் நடுவே அணியும் ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணி) சட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெல்லியில் அது பெரும்பாலும் பையிலேயே இருந்தது. லே நகரில் பயிற்சி நாட்களின் மாலை நேரங்களில் மட்டும் உதவியது. போட்டி நாளில், வெளியே இருப்பதைவிட 10 டிகிரி வெப்பம் கூடுதலாக இருப்பதாக எண்ணி உடுத்த வேண்டும் என்று ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எனக்குச் சரியாகவே அமைந்திருக்கிறது.

எதிர்பாராமல் அதிகம் பயன்பட்டவை கையுறையும், சட்டையோடு சேராமல் தனியாகக் கையில் மாட்டிக்கொள்ளும் கைக்குழாய்களும்தான். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நிழலில் விரல்கள் மரத்துப்போகும். மலைக்கு மேலே வெயில் ஏறியதும் தோள் சுடும். ஓடிக்கொண்டே சட்டையைக் கழற்றுவது தொல்லை. கைக்குழாயை மணிக்கட்டுவரை உருட்டிவிடுவதற்கு இரண்டு நொடி போதும். காதுகளை மூடும் பட்டையும் அப்படியே. நம் வீடுகளில் பனிக்காலத்தில் பெரியவர்கள் அணியும் குரங்குக் குல்லா தலையின் வெப்பத்தை முழுவதுமாக அடைத்துவிடும் என்பதால் ஓட்டத்துக்கு ஏற்றதன்று.

தொடக்கக் கோட்டில் நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும். அதற்கென்று பழைய ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துச் சென்று, ஓட்டம் தொடங்கும்போது அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்குத் தோல் ஜாக்கெட் எளிதில் கிடைக்கும். அதைக் குளிருக்கு அணியலாம், ஓடுவதற்கு அணியக் கூடாது. போட்டி எண் அச்சிட்ட தாளைக் கழற்றக்கூடிய மேல்சட்டையில் குத்திவிட்டால், சட்டையைக் கழற்றியதும் எண்ணும் மறைந்துவிடும். அந்தத் தாளில் நேரத்தைப் பதிவு செய்யும் சிப் இருந்தால் இடர் இன்னும் பெரிது. உள்சட்டையில் குத்துவது, அல்லது இடுப்புப் பட்டையில் மாட்டுவது பாதுகாப்பானது.

உழைப்பைப் பொறுத்தவரை, உள்சட்டையின் தையல் இன்றுவரை பிரியவில்லை. ஆனால் அக்குள் பகுதியில் துவைத்தாலும் போகாத வாடை தங்கிவிட்டது. இது பாலியெஸ்டருக்கே உரிய குறை. ஓடி முடித்த உடனே வெறும் தண்ணீரில் அலசிப்போட்டால் வாடை வெகுவாகக் குறைகிறது. துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால் இழைகளின்மேல் படலம் படிந்து வியர்வை பரவும் தன்மை கெடும் என்பதால், அதை அறவே தவிர்த்துவிட்டேன். எங்கள் தெருவின் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு மிகுந்தது. அதில் அலசிக் காயவைத்தால் கருநிறத் துணியில் வெள்ளைத் திட்டுகள் தெரியும், கைக்குப் பட்டால் மொரமொரப்பாக இருக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீரைப் பயன்படுத்துகிறேன். வேலூர் வெயிலில் நேராகக் காயவைத்த கைக்குழாய்களின் ரப்பர் பிடிப்பு தளர்ந்து, அவை இப்போது முழங்கைக்குக் கீழே நழுவுகின்றன. நிழலில் உலர்த்திய மற்றொரு சோடி இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. விண்ட்சீட்டரின் நீர்விலக்கும் பூச்சு தோள்பட்டையில் தேய்ந்துவிட்டதால் தூறல் ஊடுருவுகிறது. எனினும் காற்றைத் தடுக்கும் வேலையை அது இப்போதும் செய்வதால், மழை எதிர்பார்க்கப்படாத போட்டிகளுக்கு அதையே தொடர்ந்து எடுத்துச் செல்கிறேன்.