பிரைமரி கவரை மூடும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள், அதிலும் கிளட்ச் வேலைக்கு வண்டியைக் கொடுக்க நினைத்திருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடையின் பெயரையும் தெருவையும் நான் எழுதப் போவதில்லை. தண்டையார்பேட்டைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் வண்டி அப்பா ஓட்டிய 1978ஆம் ஆண்டு புல்லட் 350. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அந்தத் தொழிற்சாலையால் வடசென்னைக்குக் கிடைத்த நன்மை, கைதேர்ந்த புல்லட் மெக்கானிக்குகள் தெருவுக்கு ஒருவர் உண்டு என்பது. தீமை, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் தம்மை அங்கே வேலை பார்த்தவர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது. நான் போன கடைக்காரரும் முதல் வாக்கியத்தையே “நான் கம்பெனி ஆளு சார்” என்றுதான் தொடங்கினார். அடையாள அட்டையா கேட்க முடியும்?

வண்டியின் குறை எளியது. பேசின் பாலத்து மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். அவர் பிரைமரி கவர் எனப்படும் இடதுபக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கிளட்ச் பிளேட்டுகள், ஆறு ஸ்பிரிங்குகள், எஞ்சினின் சுழற்சியைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் பிரைமரி செயின் ஆகிய அனைத்தையும் மாற்ற வேண்டும் என்றார். கூலியோடு சேர்த்து 9,400 ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். மூன்றாம் நாள் மாலை வண்டியைத் திருப்பித் தந்தபோது, “செயின் புச்சு, பிளேட்டு புச்சு, கண்ண மூடிக்கினு ஓட்டுங்க சார்” என்றார். கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டதற்கு, காயலான் கடைக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது. அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழவில்லை. கிளட்ச் பிடியை முழுவதும் அழுத்தியிருந்தாலும் வண்டி முன்னே இழுத்தது. சில நாளில் ஹெட்லைட் மங்கத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு எண்ணூர் நெடுஞ்சாலையில், பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கையில், இடது காலுக்குக் கீழே இரும்பை இரும்பு சுரண்டும் சத்தம் எழுந்து வண்டி இழுவையை இழந்தது. ஓரங்கட்ட முடிந்தது என் நல்ல நேரம். லாரி ஓட்டுநருக்குப் பொறுமை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து திருவொற்றியூர் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மறுநாள் காலை அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்தேன். அவர் தாம் எங்கே வேலை பார்த்தார் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “தம்பி, நீ இங்கயே உட்காரு, நான் தொறக்கறத நீயே பாரு” என்று ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார்.

இந்த மாடலில் இடதுபக்க மூடியை நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கும். ஓரம் முழுவதும் ஓடும் ரப்பர் பட்டைதான் எண்ணெய் கசியாமல் காக்கும். முந்தைய கடையில் அந்தப் பட்டையை மாற்றாமல், மேலே தாராளமாகச் சிலிக்கான் பசையை அப்பியிருந்தார்கள். மூடியைப் பெயர்த்தெடுத்ததும் தட்டில் வடிந்த எண்ணெயில் வெயில் பட்டபோது, மீன் செதிலைப் போல உலோகத்தூள் மின்னியது. பெரியவர் விரலில் தொட்டு என் முன்னால் நீட்டினார், வேறெதுவும் பேசவில்லை.

அடுத்து வந்தவை ஒவ்வொன்றாக எனக்குக் காசுக்கணக்கை நினைவூட்டின. புதிது என்று பணம் வாங்கிய செயின் பழையதே. மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டிருந்தார்கள். இந்த இரட்டை வரிசைச் செயினுக்கு இணைப்புக் கண்ணி கிடையாது. எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தையும் கிளட்ச் டிரம்மையும் செயினோடு சேர்த்து ஒன்றாகத்தான் வெளியே இழுக்க வேண்டும். எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தபோது செயின் ஓரிடத்தில் தொங்கியது, இன்னோரிடத்தில் கம்பிபோல் விறைத்தது. தேய்மானம் சீராக இல்லாத செயினை, மிகவும் இறுக்கமாக நிற்கும் இடத்தில் வைத்து, நடுப்பகுதி மேலும் கீழுமாகச் சுமார் 6 மில்லிமீட்டர் ஆடும்படி, அதை இறுக்கும் டென்ஷனரைத் திருக வேண்டும். தளர்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால், சுற்று வந்து இறுகும் இடத்தில் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கும் எஞ்சின் பேரிங்கும்தான் அந்த விசையைத் தாங்க வேண்டியிருக்கும். என் வண்டியில் அப்படித்தான் இறுக்கியிருந்தார்கள்.

பிளேட்டுகளும் பழையவையே. எமரி தாளில் உரசிச் சொரசொரப்பாக்கி வைத்திருந்ததால்தான் இரண்டு வாரம் பிடித்தன. ஸ்பிரிங்குகளில் மூன்று புதியவை, மூன்று பழையவை. மேசைமேல் வரிசையாக நிற்கவைத்தால் உயர வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. அழுத்தம் சமமாக இல்லாதபோது, பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூக்கும். பிளேட்டுகள் முழுவதும் விலகாது. நியூட்ரல் விழாததன் காரணம் அதுவே. அதே மூடிக்குள் இருக்கும், விளக்குக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில், சுழலும் ரோட்டாருக்கும் நிலையாக நிற்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பூட்ட வேண்டும். கேஜ் தகட்டைச் செருகிச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாததால் ஸ்டேட்டரின் ஒரு பக்கம் பளபளவென உரசிப்போயிருந்தது. விளக்கு மங்கியதற்கு விடை அங்கே கிடைத்தது.

இவற்றையெல்லாம் பேராசை, சோம்பல் என்று சொல்லித் தள்ளிவிடலாம். என்னால் மன்னிக்க முடியாதது, கிளட்ச் மையத்து நட்டு கழலாமல் காக்க அதன் அடியில் இருந்த லாக் வாஷர். நட்டை இறுக்கிய பிறகு அந்த வாஷரின் நாக்கை நட்டின் தட்டையான முகத்தோடு மடித்துவிட வேண்டும்; ஒருமுறை மடித்து நிமிர்த்திய நாக்கை மறுபடி நம்பக் கூடாது. புது வாஷர் வாங்க நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. பழைய வாஷரையே போட்டதில், மடிப்பில் விரிசல் விட்டிருந்த நாக்கு ஒடிந்து எண்ணெய்க்குள் கிடந்தது. நட்டு தளர்ந்து, டிரம் வெளியே நகர்ந்து, செயின் மூடியின் உட்புறத்தை அறுத்திருந்தது. நெடுஞ்சாலையில் நான் கேட்ட சத்தம் அதுதான்.

பெரியவர் உண்மையிலேயே புதிய பாகங்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, நாக்கை மடித்த பிறகு கைபேசியில் படமெடுத்துக்கொள்ளவும் சொல்லி, மூடியைப் பூட்டினார். பாகங்களுக்கும் கூலிக்கும் 7,850 ரூபாய் ஆனது. பழையவற்றை ஒரு சாக்குப்பையில் கட்டிக் கொடுத்தார்.

அந்தப் பையோடு முதல் கடைக்குப் போனேன். பாகங்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கொட்டியதும், “இது என் கடைல போட்டதுன்னு எப்படி சார் சொல்றீங்க?” என்ற கேள்வி வந்தது. கேள்வி நியாயமானதுதான்; பழைய செயினை முதலிலேயே கேட்டு வாங்காததும், மூடும்போது பக்கத்தில் நிற்காததும் என் தவறு. ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 2,500 ரூபாய் திருப்பித் தந்தார்.

மீதிக்காக, கடை முத்திரை குத்திய துண்டுச்சீட்டு, கைபேசி வழியே பணம் செலுத்திய பதிவு, பெரியவர் திறந்தபோது எடுத்த படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன். ஒடிந்த வாஷர் நாக்கைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.