ஏலகிரி வீட்டைப் பார்த்துக்கொள்ள மாதம் 3,500 ரூபாய்: ஒன்றரை வருஷ அனுபவம்

காட்பாடியில் எனக்கு ஹார்டுவேர் கடை. குழாய், வால்வு, பூட்டு, தாழ்ப்பாள் என்று முப்பது வருஷமாக விற்கிறேன். வீட்டுப் பராமரிப்பைப் பற்றி எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்ற நினைப்பு இருந்தது. ஏலகிரியில் இரண்டு மழைக்காலம் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

2018இல் நிலாவூர் பக்கம் ஐந்தரை சென்ட்டில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். அப்போது அது வேலூர் மாவட்டம். அடுத்த வருஷமே திருப்பத்தூர் மாவட்டம் என்று பிரித்துவிட்டார்கள். ஊட்டி, கொடைக்கானல் விலைக்கெல்லாம் கடைக்காரன் கை நீளாது. ஏலகிரி உயரம் சுமார் 1,100 மீட்டர்தான். கம்பளிக் குளிர் மார்கழி, தை மாதங்களோடு சரி. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெந்துகொண்டிருக்கும் ஆளுக்கு, பள்ளிகொண்டா, வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பி, 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் இரவில் மின்விசிறி இல்லாமல் தூங்கலாம் என்பது சின்ன விஷயமா?

வாங்கும்போது பத்திரத்தில் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். தரகர் முதலில் காட்டிய மனை ஒப்படைப்புப் பட்டா, அதாவது அரசாங்கம் நிபந்தனையோடு கொடுத்த நிலம். நிபந்தனையைப் படித்ததும் தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டாவதுக்கு முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், புலப்படம் (நில அளவை வரைபடம்) எல்லாம் பார்த்துத்தான் முன்பணம் கொடுத்தேன். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4. (2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். அதே கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றியும் விட்டார்கள்.) பத்திரத்துக்கு இத்தனை பார்த்தவன், சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்கவில்லை.

முதலில் வைத்த வாட்ச்மேன் கதையை மின்சார பில்தான் எனக்குச் சொன்னது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பூட்டிய வீட்டில் அதற்கு மேல் ஓட என்ன இருக்கிறது? ஒரு சித்திரை, வைகாசியில் 380 யூனிட் என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. மீட்டர் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன்: 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அடுத்த சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால், வாசலில் வெளியூர் பதிவெண் வண்டி இரண்டு. உள்ளே என் லுங்கியைக் கட்டிக்கொண்டு ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். "நீங்க எத்தனை மணிக்கு செக்-இன் சார்?" என்று என்னையே கேட்டார். அவர் மேல் தப்பில்லை, காசு கொடுத்துத் தங்கியவர்.

அதற்குப் பிறகுதான், 2024 பொங்கலிலிருந்து, மாதம் 3,500 ரூபாய்க்கு ஒரு தம்பதியிடம் வீட்டை விட்டேன். அத்தனாவூர்க்காரர்கள். கணவருக்கு எலெக்ட்ரிகல், பிளம்பிங் இரண்டும் தெரியும். மனைவி சுத்தம் பார்க்கிறார். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை வருகிறார்கள். எல்லா ஜன்னலையும் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கிறார்கள். சன்ஷேடு இலை, மழைநீர்க் குழாய், பேட்டரி தண்ணீர், சுவரோரம் கரையான் என்று பார்க்கிறார்கள். கடைசியில் படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. மீட்டர் எண்ணும் அதில் ஒன்று. அது என் நிபந்தனை. அந்த அம்மா கோபப்படவில்லை, "கேக்கறது நல்லதுதாண்ணா" என்றார்.

என்னை அசத்தியது ஒரு சின்னக் காரியம். வந்தவுடன் எல்லாக் குளியலறையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார்கள். பூட்டிய வீட்டில் நானி ட்ராப்பில் (குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் கிண்ணம்) நிற்கும் தண்ணீர் காய்ந்துவிடும், கழிவுக் குழாயின் நாற்றமும் கரப்பானும் நேராக உள்ளே வரும். ஆயிரக்கணக்கில் நானி ட்ராப் விற்றவன் நான். என் சொந்த வீட்டில் ஐந்து வருஷம் "ஏதோ எலி செத்திருக்கு" என்று தேடிக்கொண்டிருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. போன கோடையில் கணவர் சம்ப்பில் தண்ணீர் இல்லாததைப் பார்க்காமல் மோட்டாரைப் போட்டு, சீல் கருகிவிட்டது. மறைக்காமல் சொன்னார், ஆனால் நான்கு நாள் கழித்து. பொருள் என் கடையிலிருந்து, கூலி அவருடையது என்று முடித்துக்கொண்டோம். குரங்கு விஷயத்தில் அவர் கொஞ்சம் மெத்தனம். டேங்க் மூடியை மூன்று முறை கழற்றி எறிந்த பிறகு, நானே ஜி.ஐ. கம்பி கொண்டுபோய்க் கட்டினேன். ஐப்பசி, கார்த்திகையில் பிளைவுட் கதவு உப்பிக்கொள்வதற்கும் அலமாரியில் பூஞ்சை பூப்பதற்கும் வாரம் ஒருமுறை வருவது போதாது. அந்த இரண்டு மாதம் வாரம் இருமுறை வரச் சொல்லி 1,000 ரூபாய் கூடக் கொடுக்கிறேன். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி வைப்பது அந்த அம்மா சொல்லித்தந்த வழி. இரும்புப் பூட்டு அங்கே வேண்டவே வேண்டாம், பித்தளை போடுங்கள். (என் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை.)

2024 கடைசியில் வீட்டை விற்றுவிடவும் பார்த்தேன். பெங்களூரில் இருக்கும் மகன் ஆறு மாதத்துக்கு ஒருமுறைகூட வருவதில்லை. "வித்துத் தொலை நைனா" என்றான். ஆடிட்டரிடம் போனேன். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டின்படி ஏற்றிக் கணக்கிட்ட லாபத்துக்கு 20 சதவீதம், எது குறைவோ அது என்றார். தரகர் மூன்று பேரைக் கூட்டிவந்தார். மூன்று பேரும் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, போர்வெல் ஆழம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே: "நாங்க இல்லாதப்ப யார் பாத்துப்பாங்க?" தம்பதியைக் கூப்பிட்டுக் காட்டியதும் ஒருவர் சொன்ன விலையில் இரண்டு லட்சம் ஏற்றினார். அதைக் கேட்டபிறகு எனக்கே விற்க மனம் வரவில்லை.

அந்தத் தம்பதி இப்போது பதினொரு வீடு பார்க்கிறார்கள், அதற்கு மேல் எடுப்பதில்லை. தைக்கு மேல் 4,000 வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், கொடுப்பேன். வீட்டுப் பின்னால் பலாமரம் ஒன்று இருக்கிறது. இந்த ஆனியில் படத்தில் எண்ணியபோது ஒன்பது காய். கைக்கு வந்தது ஏழு. இரண்டைக் குரங்கு தின்றுவிட்டது என்றார்கள். மீட்டர் எண் சரியாக இருந்தது, நான் மேலே கேட்கவில்லை.