எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கிய முழங்கால் கம்பூட்ஸ்

பெங்களூரு அல்சூர் பக்கம் என்னைப் போல ஆப்பிரிக்க சைட்டுகளுக்குப் போகிறவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

சோலார் பம்ப் மாட்டும் வேலை எனக்கு. நைஜீரியாவின் கோம்பே மாநிலத்துக்குக் கிளம்பும் முன் எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரு சேஃப்டி சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் காங்கிரீட் வேலைக்கான குட்டை பூட்ஸை எடுத்துப் போட்டார். வயல்வேலை, பாம்பு அதிகம் என்றதும், "அப்ப இது வேணாம்ணா" என்று ஏணி வைத்து மேல்தட்டிலிருந்து முழங்கால் வரை வரும் பி.வி.சி. பூட்ஸை இறக்கினார். விலை 650 ரூபாய். உள்ளே துணி வைத்தது இன்னும் விலை கூட. நனைந்தால் லேசில் காயாது என்று அவரே தடுத்துவிட்டார். நம்பிப் போகலாம்.

இந்த உயரம் ஏன் முக்கியம் என்றால், அங்கே கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது. நம்மூர் சுருட்டை விரியனுக்கு உறவான ஒரு பாம்பினம் காய்ந்த சருகு நிறத்திலேயே கிடக்கும். கடித்தால் ரத்தம் உறையாது, ஈறிலிருந்துகூடக் கசியும். மழை பிடித்து விதைக்கிற நாட்களிலும் அறுவடையிலும் வெறுங்காலோடு நிலத்தில் இறங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அந்த மாநிலத்தின் கல்துங்கோ ஊரில் பாம்புக்கடிக்கென்றே மருத்துவமனை இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் ஆண்டுக்கு 4.35 லட்சம் முதல் 5.8 லட்சம் கடிகளுக்குச் சிகிச்சை தேவைப்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டு வைத்தியரோடு நின்றுவிடுகிறவர்கள் பலர் ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே வருவதில்லை.

இங்கிருந்து விஷமுறிவு மருந்து கொண்டுபோகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்ற நம் நான்குக்கும் செய்தது. கானாவில் ஒரு மருத்துவமனை பழைய மருந்தை விட்டு இந்தியாவில் செய்த ஒன்றுக்கு மாறியபோது, கடிபட்டவர்களில் இறந்தவர்கள் 1.8 சதவீதத்திலிருந்து 12.1 சதவீதமாக ஏறினார்கள். ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கென்றே இருந்த ஃபாவ்-ஆஃப்ரிக் மருந்தின் தயாரிப்பை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். கடைசிச் சரக்கும் 2016-இல் காலாவதியானது. லாபமில்லை என்று கைவிட்டதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சரி, பூட்ஸுக்கு வருகிறேன். சோளக்கொல்லைச் சேற்றிலும் வழுக்கவில்லை. மதிய வெயிலில் உள்ளே வியர்வை தேங்கும். கனமான பருத்தி சாக்ஸ் வேண்டும், அதனால் ஒரு சைஸ் கூட்டி வாங்குங்கள். பாதம் மடங்கும் இடத்தில் லேசாக வெடிப்பு விட ஆரம்பித்திருக்கிறது. அந்த விலைக்கு இன்னும் தடிமன் கொடுத்திருக்கலாம். பாம்புப் பல் ஏறவே ஏறாது என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், இருட்டினால் கையில் டார்ச் வேண்டும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அங்கே என்னோடு குழி தோண்டும் பையன்கள் ரப்பர் செருப்போடுதான் நிற்கிறார்கள். அவர்களுடைய கால் அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மொத்தமாக எடுத்தால் விலை குறைப்பதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.