ரப்பர் விளையில் ஹேமக், மேலே ஒரு முகட்டுக் கயிறு: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்ட மழையில் ஹேமக்கில் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தூளியில்) நனையாமல் தூங்க வேண்டும் என்றால், மேலே விரிக்கும் தார்ப்பாய்க்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது அதைத் தாங்கும் முகட்டுக் கயிற்றுக்குச் செலவழியுங்கள். அந்தக் கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் வேண்டாம்.

நான் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருவது இது: 3.3 மீட்டர் நீள ஹேமக், சிலிக்கான் பூச்சு கொண்ட 3 × 3 மீட்டர் நைலான் தார்ப்பாய், 3 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு 12 மீட்டர், 2 மி.மீ. கயிற்றில் முடிந்த இரண்டு ப்ரூசிக் வளையங்கள் (பெரிய கயிற்றில் சுற்றிப் பிடிக்க வைக்கும் சின்னக் கயிற்று வளையங்கள்). தங்குவது பெரும்பாலும் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சொந்தக்காரர்களின் ரப்பர் விளைகளில், அதாவது தோட்டங்களில். எப்போதாவது கடலோரச் சவுக்குத் தோப்பு. காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது, அங்கே யானையும் உண்டு. அதனால் அந்தப் பேச்சை இங்கே எடுக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் உண்டு. போதாததற்கு ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை. இடி மின்னல் இருக்கிற இரவில் மரத்தடியில் ஹேமக் கட்டுவதே கூடாது, வீட்டுக்குப் போய்விடுங்கள். மற்ற மழையைச் சமாளிக்கலாம். ஆனால் கயிறு அங்கேதான் தன் குணத்தைக் காட்டும்.

ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது நைலான் பாராகார்டு, அதாவது பாராசூட் கயிறு. பேர்பெற்ற சாமான்தான், 250 கிலோ வரை தாங்கும் என்பார்கள். தாங்கும் சக்தியில் குறையே இல்லை. பிரச்சினை, நைலான் தண்ணீரை உறிஞ்சும், ஈரத்தில் நீளும். சாயங்காலம் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியது நள்ளிரவு மழையில் தொய்ந்துவிடும். தார்ப்பாயும் நைலான் என்றால் அதுவும் சேர்ந்து தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் குளம் கட்டும், அந்தப் பாரத்தில் இன்னும் தொய்யும். பாலியெஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. கயிற்றை மாற்றிய பிறகும் தார்ப்பாய் கொஞ்சம் தளரத்தான் செய்கிறது. ஆனால் முகடு அசையாமல் நிற்பதால் ஓரக் கயிறுகளை மட்டும் இழுத்துவிட்டால் போதும். படுத்த இடத்திலிருந்தே கை எட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் பாலியெஸ்டர் என்று போட்டு எனக்கு அனுப்பிய ஒரு கட்டு நைலானாக இருந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு துண்டில் செங்கலைத் தொங்கவிட்டு அளந்துகொள்ளுங்கள், பிறகு தண்ணீரில் நன்றாக ஊறவைத்து அதே செங்கலோடு மறுபடி அளங்கள். கண்ணுக்குத் தெரிய நீண்டிருந்தால் நைலான். இப்போது இருப்பதை மீன்பிடி சாமான் விற்கும் கடையில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கினேன். டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு எடையில் இன்னும் லேசு, நீளவே நீளாது. ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சுகள் நழுவும், சூட்டில் சீக்கிரம் உருகும், விலையும் அதிகம். முதுகில் சுமந்து மலை ஏறுபவர்களுக்குச் சரி. பைக்கில் போய் இறங்கும் எனக்குத் தேவைப்படவில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீல, மஞ்சள் பாலிப்ரொப்பிலீன் கயிறு வெயிலில் நூல் நூலாக உதிரும், கையிலும் குத்தும்.

கட்டும் முறை எளிது. கயிற்றின் ஒரு முனையை ஒரு மரத்தில் சுற்றி, அதே கயிற்றில் சின்ன காரபைனரால் (திறந்து மூடும் உலோகக் கொக்கியால்) மாட்டிவிடுவேன். மறுமுனையில், லாரியில் பாரம் கட்டுபவர்கள் போடுகிற அந்த இழுப்பு முடிச்சு. நடுவில் இரண்டு ப்ரூசிக் வளையங்கள். ப்ரூசிக்கின் வசதி, பாரம் இல்லாதபோது கயிற்றில் நகரும், பாரம் ஏறியதும் இறுகிக்கொள்ளும். அதனால் தார்ப்பாயை ஹேமக்குக்கு நேர் மேலே கொண்டுவர மரத்துக் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. வளையக் கயிறு முதன்மைக் கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிடிக்கும். மூன்று சுற்றுப் போடுகிறேன், மழையிலும் நழுவவில்லை. தார்ப்பாயின் காதில் (ஓரத்தில் கட்டுவதற்கு உள்ள துளையில்) வளையத்தை நுழைத்து ஒரு சுள்ளியைக் குறுக்கே செருகினால் போதும், கொக்கி தேவையில்லை. காலையில் சுள்ளியை உருவினால் தார்ப்பாய் கையோடு வந்துவிடும்.

கயிறு தார்ப்பாய்க்கு மேலேயா, கீழேயா? இதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் அனுபவத்தில் அது தார்ப்பாயைப் பொறுத்தது. கடையில் விற்கும் கனத்த நீலத் தார்ப்பாய் என்றால் கயிறு அடியில் முழுநீளமும் ஓடட்டும், இல்லாவிட்டால் காதுகள் கிழியும். லேசான நைலான் தார்ப்பாய்க்குக் கயிறு மேலே இருப்பதே நல்லது, துணி உரசாது. அடியில் ஓடும் கயிற்றுக்கு ஒரு தொல்லை உண்டு. மரத்தில் வழியும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வரும். தார்ப்பாயின் விளிம்புக்குச் சற்று வெளியே, கயிற்றில் ஒரு துண்டுப் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதன் வழியே சொட்டிவிடும். ஹேமக்கைத் தாங்கும் பெல்ட்டுக்கும் இதே வைத்தியம். தண்ணீர் நிற்கும், முசுறு எறும்பு நிற்காது. கயிறு அதற்கு ராஜபாட்டை. இலையைச் சுருட்டி முசுறு கூடு கட்டிய மரமா என்று முதலில் அண்ணாந்து பார்ப்பது ஒன்றே வழி.

ரப்பர் விளை ஹேமக்குக்கென்றே நட்டு வைத்தது போலத் தோன்றும். நேர் வரிசை, மரத்துக்கு மரம் ஏறக்குறைய 5 மீட்டர், அடியில் நிழல். என் சதுரத் தார்ப்பாயை மூலைக்கு மூலையாகக் கட்டுகிறேன். அப்படிக் கட்டினால் முகட்டு நீளம் 4.2 மீட்டர் வரும், ஹேமக்கின் தலைமாடும் கால்மாடும் நனையாது. அடிமரத்தின் தடிமன் போக, இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவுதான் மிஞ்சும், ப்ரூசிக் உட்கார அது போதும். நாலு மரச் சதுரத்தில் குறுக்கு மூலைக்குக் கட்டினால் 7 மீட்டர் வந்துவிடும், பெல்ட்டை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் விளை என்பது ஒருவருடைய பிழைப்பு. ஒட்டுக்கன்று மரத்தில் பால் எடுக்கப் பட்டையில் போடும் வெட்டு சுமார் 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். வயதான மரங்களில் மேல்நோக்கியும் வெட்டுவார்கள். வெட்டி முடித்த பக்கத்தில் புதுப் பட்டை வளர்ந்து, பிறகு அதையும் வெட்டுவார்கள். ஆக எந்தப் பக்கமும் சும்மா கிடக்கும் பக்கம் இல்லை. பால் வெட்டும் அண்ணாச்சி ஒருவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "மக்களே, வெட்டுக்கு மேல கெட்டு. பட்டையில காயம் பட்டா பால் போச்சு." அதனால் ஹேமக்குக்கு அகலமான பெல்ட், முகட்டுக் கயிறு அதற்கும் ஒரு முழம் மேலே, இரண்டும் வெட்டுக்கு மேல். மெல்லிய கயிறு மரத்தைத் தொடும் இடத்தில் பழைய சாக்குத் துண்டு ஒன்றை மடித்து வைப்பேன்.

பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். நெற்றியில் லைட்டோடு வரிசை வரிசையாக வேகமாக வருகிறவர்களுக்கு, இரண்டு மரத்துக்கு நடுவே நீங்கள் கட்டிய கயிறு தெரியாது. முகட்டுக் கயிறு தலைக்கு மேலே போகும். முளையடித்த ஓரக் கயிறுதான் காலை இடறும். எந்த வரிசையில் நாளைக்கு வெட்டு இல்லை என்று முன்கூட்டியே கேட்டு அங்கே கட்டுங்கள். ஓரக் கயிறு வாங்கும்போது வெளிச்சம் பட்டால் மின்னும் நூல் சேர்த்துப் பின்னியதாகப் பார்த்து வாங்குங்கள்.

இளமரங்களில் இன்னொரு விஷயம். நீங்கள் ஹேமக்கில் உட்கார்ந்ததும் இரண்டு மரமும் உள்பக்கமாகச் சற்று வளையும், மேலே இறுக்கிக் கட்டியிருந்த முகட்டுக் கயிறு தளரும். அதற்காகக் கயிற்றைக் குறை சொல்ல முடியாது. ஒரு முறை ஏறி உட்கார்ந்து இறங்குங்கள், கூட யாராவது இருந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அவரை இழுப்பு முடிச்சை இறுக்கச் சொல்லுங்கள். அப்புறம், ரப்பர் காற்றுக்கு எளிதில் முறியும் மரம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் இங்கே ரப்பர் மரங்கள் விழுந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிளை காய்ந்த மரம், அடிமரத்தில் விரிசல் கண்ட மரம் எதிலும் கட்டுவதில்லை. தென்னையடியில் தேங்காய்க்குப் பயந்து படுப்பதே இல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பது தென்மேற்குப் பருவத்தில் அங்கே தார்ப்பாய் கட்டினால் புரியும். தோவாளைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கட்டியபோது காற்று மேற்கிலிருந்து நிற்காமல் வந்தது. முகட்டை வழக்கத்தைவிடத் தாழ்த்தி, காற்றுக்குக் குறுக்கே ஓட்டி, மேற்குப் பக்கத்து விளிம்பைத் தரையோடு முளையடித்தேன். தார்ப்பாயின் வாய் காற்றைப் பார்த்திருந்தால் கப்பல் பாய் மாதிரி உப்பியிருக்கும். ஓரக் கயிறுகளில் சாண் நீள எலாஸ்டிக் கயிற்றைச் சேர்த்திருந்ததால் காற்றின் உதறல் முளை வரை போகவில்லை. கடலோரத்தில் முளையே நிற்காது, மணல் நிரப்பிய பையைக் குழியில் புதைத்து அதில் கட்ட வேண்டும்.

முகட்டுக் கயிற்றைக் கொடியாக நினைத்து ஈரத் துணியும் பையும் தொங்கவிடுகிறவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். 5 டிகிரி மட்டுமே தாழும்படி இறுக்கிய கயிற்றின் நடுவில் 5 கிலோ பையை மாட்டினால், கயிற்றில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய 29 கிலோ. கயிறு தாங்கும். முடிச்சு இறுகி அவிழாது, மரத்தின் பட்டையிலும் அழுந்தும். டார்ச் லைட், காய வேண்டிய சாக்ஸ், அதற்கு மேல் எதையும் நான் மாட்டுவதில்லை.

இத்தனை நாள் உழைத்த பிறகு முதன்மைக் கயிற்றின் நிறம் வெளுத்திருக்கிறது, மரத்தில் உரசும் இடத்தில் லேசாகப் பஞ்சு எழும்பியிருக்கிறது, வேறு கேடு இல்லை. ஒட்டிய ரப்பர் பாலை ஈரத்தில் துடைத்தால் பரவும், காயவிட்டுத் தேய்த்தால் உரிந்துவிடும். கடலோரம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசுகிறேன், இல்லையென்றால் உப்பு ஏறி விறைக்கிறது. ப்ரூசிக் வளையங்கள்தான் முதலில் தேய்ந்தன. ஒரு முறை மாற்றிவிட்டேன், மிச்சக் கயிற்றில் இன்னும் ஒரு ஜோடி முடிந்து பையில் கிடக்கிறது. அலுமினிய காரபைனரில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது, அடுத்ததாக அதை எடுத்துவிட்டு அந்த முனையிலும் வெறும் முடிச்சே போடலாம் என்றிருக்கிறேன்.