வாஷிங்டன் டி.சி.யும் புவேர்ட்டோ ரிக்கோவும்: குடியுரிமைத் தேர்வில் குழப்பும் இரண்டு

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வின் 2008 பதிப்பில் "ஒரு ஆட்சிப்பகுதியின் (territory) பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டால் பலர் வாஷிங்டன் டி.சி. என்கிறார்கள். தவறு. அது தலைநகர் மாவட்டம். கரீபியக் கடல் தீவான புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க சமோவா, வடக்கு மரியானா தீவுகள், அமெரிக்க வெர்ஜின் தீவுகள், இந்த ஐந்தில் ஒன்றுதான் விடை. டி.சி., ஆட்சிப்பகுதி இரண்டுமே மாநிலம் இல்லை என்பதால்தான் இந்தத் தடுமாற்றம்.

பெரிய வேறுபாடு அதிபர் தேர்தல். 1961-இல் வந்த 23-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் டி.சி.க்கு இப்போது அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகள் (electoral votes) 3 உண்டு. புவேர்ட்டோ ரிக்கோவில் வசிப்பவர்கள் 1917 முதல் குடிமக்களாக இருந்தும் அங்கிருந்து அதிபருக்கு வாக்களிக்க முடியாது. அதே ஆள் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தால் வாக்களிக்கலாம்! வரியும் அப்படித்தான். டி.சி.வாசிகள் கூட்டரசு வருமான வரி முழுதும் கட்டுகிறார்கள். தீவிலேயே சம்பாதிப்பதற்குப் புவேர்ட்டோ ரிக்கோவாசிகள் பொதுவாக அதைக் கட்டுவதில்லை.

செனட்டர் (மேலவை உறுப்பினர்) இரண்டுக்கும் கிடையாது. கீழவையில் இருவருக்கும் தலா ஒரு பிரதிநிதி, இறுதி வாக்கெடுப்பில் வாக்கில்லாமல்.

நேர்காணலில் "உங்கள் மாநில ஆளுநர் யார்?" என்றால் டி.சி.க்காரர் மேயர் பெயரைச் சொல்லக்கூடாது. "எங்களுக்கு ஆளுநர் இல்லை" என்பதே சரி. "உங்கள் மாநிலத் தலைநகர் எது?" என்ற கேள்விக்கும் "டி.சி. மாநிலமல்ல, அதற்குத் தலைநகர் இல்லை" என்க. புவேர்ட்டோ ரிக்கோக்காரருக்கோ ஆளுநரும் உண்டு, தலைநகர் சான் ஹுவானும் உண்டு.